கட்டணம் ஏறியும் கோப்பு ஏன் நகரவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி இது: “இபி-2 பிரிவு (அமெரிக்காவில் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் இரண்டாம் பிரிவு), இந்தியா. முன்னுரிமைத் தேதி (வரிசையில் இடம் பிடித்த நாள்) 2013 செப்டம்பர். 2025 அக்டோபரில் எனக்கும் மனைவிக்கும் 11 வயது மகளுக்கும் கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டேன். வேலை அனுமதி, பயண அனுமதி எல்லாம் சேர்த்து 6,240 டாலர் கட்டினேன். கட்டணத்தை ஏற்றினால் வேலை வேகமாக நடக்கும் என்று சொல்லித்தானே ஏற்றினார்கள்? பிறகு ஏன் கோப்பு அசையவில்லை? இன்னும் கொஞ்சம் பணம் கட்டி வேகப்படுத்த வழி இருக்கிறதா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வழி இல்லை. யாராவது இருக்கிறது என்று சொன்னால் அவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

காரணம், நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகளில் நிற்கிறீர்கள். ஒன்று, குடியேற்றத் துறை அதிகாரி உங்கள் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கான வரிசை. மற்றொன்று, கிரீன் கார்டு எண் உங்களுக்கு ஒதுக்கப்படுவதற்கான வரிசை. நாம் கட்டும் கட்டணத்துக்கு முதல் வரிசையோடு மட்டும்தான் சம்பந்தம். இரண்டாவது வரிசையை நடத்துவது சட்டம். அங்கே டாலர் செல்லாது. திருப்பதியில் 300 ரூபாய்ச் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கினால் கூண்டுக்குள் காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் நடை சாத்தியிருக்கும்போது அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இலவச தரிசனத்துக்கு நிற்பவரோடு சேர்ந்து நீங்களும் நிற்க வேண்டியதுதான். உங்கள் முன்னுரிமைத் தேதியின் முறை வரும் வரை உங்களுக்கு நடை சாத்தியிருக்கிறது.

முதலில் பணக் கணக்கு. உங்கள் 6,240 சரிதான், கூட்டிப் பார்த்தேன். பெரியவர்களுக்குத் தலைக்கு 1,440. பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 950. வேலை அனுமதி இருவருக்கு 260 வீதம் 520, பயண அனுமதி மூவருக்கு 630 வீதம் 1,890. இதே குடும்பம் 2024 மார்ச் 31 அன்று விண்ணப்பித்திருந்தால் 3,200 டாலரில் முடிந்திருக்கும். அன்று வரை கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485-இன் கட்டணத்துக்குள்ளேயே வேலை அனுமதியும் பயண அனுமதியும் அடங்கியிருந்தன. 2024 ஏப்ரல் 1 முதல் அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக விலை வைத்தார்கள். “1,225 டாலர் 1,440 ஆகியிருக்கிறது, பெரிய ஏற்றம் இல்லையே” என்று அப்போது சிலர் எழுதினார்கள். இட்லி விலையை ஏற்றாமல் சட்னிக்கும் சாம்பாருக்கும் தனி பில் போட்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அது.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் தாமதத்தின் வேர் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைத் துறை, நாம் சுருக்கமாக யுஎஸ்சிஐஎஸ் என்று சொல்வது, அரசின் வரிப்பணத்தில் ஓடும் அலுவலகம் அல்ல. அதன் செலவில் சுமார் 96 சதவீதம் விண்ணப்பதாரர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. 1988-இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்கியது. கட்டணம் கட்ட முடியாத அகதிகள், புகலிடம் கோருவோர் ஆகியோரின் கோப்புகளுக்கு ஆகும் செலவையும் கட்டணம் கட்டுபவர்களிடமிருந்தே வசூலித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2024-இல் இதை வெளிப்படையாகவே செய்தார்கள்: ஊழியருக்காக ஐ-140 (கிரீன் கார்டு மனு), ஐ-129 (தற்காலிக வேலை விசா மனு) போடும் பெரிய நிறுவனங்களுக்குப் புகலிடத் திட்டக் கட்டணம் என்று 600 டாலர், சிறிய நிறுவனங்களுக்கு 300. அகதிக்காக நான் ஏன் கட்ட வேண்டும் என்று பொங்குகிறவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

நீங்கள் கட்டணம் கட்டுவது விண்ணப்பம் போடும் நாளில். உங்கள் கோப்புக்கான வேலை நடப்பது பல மாதங்கள் கழித்து, சில சமயம் பல ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் உங்கள் பணம் பெட்டியில் தூங்குவதில்லை. முன்னால் நிற்பவரின் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குச் சம்பளமாகப் போய்விடுகிறது. உங்கள் கோப்பின் முறை வரும்போது அதற்கான சம்பளத்தை, அப்போது புதிதாக விண்ணப்பிப்பவர் கட்டிக்கொண்டிருப்பார். புதிதாகச் சேர்ந்தவர் பணத்தில் பழையவருக்குப் பட்டுவாடா செய்யும் சீட்டுக் கம்பெனிகளை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். ஆள் சேரும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். சேர்வது நின்றால் தெரியும்.

2020-இல் தெரிந்தது. கொரோனா வந்து விண்ணப்பங்கள் குறைந்ததும் துறையிடம் பணம் இல்லை. நாடாளுமன்றத்திடம் 120 கோடி டாலர் கேட்டார்கள். கிடைக்காவிட்டால் 13,400 ஊழியர்களைச் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்புவோம் என்றார்கள். அது மொத்த ஊழியர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. ஆகஸ்ட் 25 அன்று, செலவுகளைச் சுருக்கி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் ஆள் எடுப்பது நின்றுபோனதன் விளைவை அடுத்த இரண்டு ஆண்டுகள் வேலை அனுமதிக்குக் காத்திருந்தவர்கள் அனுபவித்தார்கள். கோப்புகளுக்குரிய பணத்தை எப்போதோ வாங்கியாகிவிட்டது. அவற்றைப் பார்க்க ஆளில்லை. அதே ஆண்டு அக்டோபரில் குடியுரிமைக் கட்டணத்தை 1,170 டாலராக உயர்த்த இருந்த விதியைக் அது நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்தபோது கலிஃபோர்னியா நீதிமன்றம் ஒன்று தடுத்து நிறுத்தியது. அதனால் 2016 டிசம்பரில் வைத்த விலை 2024 வரை அப்படியே இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஏறாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக ஏறியதால்தான் நமக்கு இவ்வளவு வலிக்கிறது.

கட்டணம் ஏறினால் வேகம் கூடும் என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். இது பழைய வாக்குறுதி. நான் முதலில் கேட்டது 2007-இல். அந்த ஆண்டு ஜூலை 30 முதல் கட்டணங்கள் சராசரியாக 66 சதவீதம் ஏறும், அதற்குப் பதிலாகப் பரிசீலனைக் காலம் 20 சதவீதம் குறையும் என்று அறிவித்தார்கள். குடியுரிமை விண்ணப்பம் 330 டாலரிலிருந்து 595 ஆனது; கைரேகைக் கட்டணம் தனி. 1998 வரை குடியுரிமை விண்ணப்பக் கட்டணம் 95 டாலராக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

விலை ஏறப்போகிறது என்று தேதியோடு அறிவித்தால் மக்கள் என்ன செய்வார்கள்? பெட்ரோல் விலை நள்ளிரவு முதல் ஏறுகிறது என்றால் அன்று மாலை பங்குகளில் என்ன நடக்கும்? அதுவேதான். அந்த ஜூலையில் மட்டும் சுமார் 4,60,000 குடியுரிமை விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களில் எல்லாப் படிவங்களும் சேர்த்து ஏறத்தாழ 25 லட்சம். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் வந்தவை 12 லட்சம். ஏழு மாதத்தில் முடிந்துகொண்டிருந்த குடியுரிமை, ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அந்தக் கூட்டம் கட்டியது பழைய கட்டணம் என்பது. வேலை இரட்டிப்பாக வந்தது, பணமோ பழைய விலையில் வந்தது. புதிய கட்டணத்தில் எடுத்த அதிகாரிகளைத் தேர்ந்து, பின்னணி பார்த்து, பயிற்சி கொடுத்து இருக்கையில் உட்கார வைக்க மாதங்கள் ஆகும். அவர்கள் உட்காரும்போது மேசையில் மலை நிற்கிறது. ஒவ்வொரு கட்டண ஏற்றமும் தனக்கு முன்னால் ஒரு கூட்டத்தைத் தானே கூட்டிக்கொண்டுதான் வருகிறது.

அந்த ஜூலைக் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கதை தெரியாத இளையவர்களுக்கு இது வேடிக்கையாகக்கூட இருக்கும்.

2007 ஜூன் நடுவில் வெளிவந்த ஜூலை மாத விசா புல்லட்டினில், அதாவது எந்த முன்னுரிமைத் தேதி வரை முறை வந்திருக்கிறது என்று வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில், வேலை அடிப்படையிலான பிரிவுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தார்கள். முன்னுரிமைத் தேதி எதுவாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நியூ ஜெர்சியில் நாங்கள் இருந்த குடியிருப்பில் அன்று இரவு யாரும் தூங்கியதாக நினைவில்லை. எனக்கு முன்னுரிமைத் தேதி 2006 நவம்பர். இன்னும் பல வருடம் ஆகும் என்று நினைத்திருந்தேன். பதினைந்து நாட்களுக்குள் மருத்துவப் பரிசோதனை, புகைப்படம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தயாராக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ்தான் கழுத்தை அறுத்தது. நகராட்சிப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. “ஆண் குழந்தை” என்று மட்டும் இருந்தது. எழுபதுகளில் தமிழ்நாட்டில் பிறந்த பாதிப் பேருக்கு இதே கதை என்று நினைக்கிறேன். குழந்தை பிறந்ததும் பதிவு செய்துவிடுவார்கள், பெயர் வைத்த பிறகு மறுபடி போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. அப்பா நகராட்சி அலுவலகத்துக்கு நான்கு நாள் நடந்தார். கடைசியில் பெயரில்லாச் சான்றிதழோடு, “இன்னார் பிறந்ததை நேரில் அறிவேன்” என்று பெரியப்பாவும் தாய்மாமாவும் முத்திரைத்தாளில் ஆளுக்கொரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூரியரில் வந்து சேர்ந்தது. மாமா தன் பெயருக்கு முன்னால் இனிஷியல், பின்னால் பட்டம், அதற்கும் பின்னால் “ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்” என்று எழுதியிருந்தார். அமெரிக்க அதிகாரி அதை எப்படிப் படித்திருப்பார் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

மருத்துவப் பரிசோதனையில் இன்னொரு வேடிக்கை. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளவுகோலால் அளப்பார்கள். சிறு வயதில் பிசிஜி தடுப்பூசி போட்டுக்கொண்ட நம்மில் பலருக்கு நோயே இல்லாமல் அது வீங்கும். வீங்கினால் மார்பு எக்ஸ்ரே. என் மனைவிக்குக் கை தக்காளி போலச் சிவந்துவிட்டது. அந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் இடங்களில் எல்லாம் தெலுங்கும் தமிழும்தான் கேட்டன. மனைவி ஊரில் இருந்தவர்கள் டிக்கெட் வாங்கி வரவழைத்தார்கள். நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை முன்னுக்கு இழுத்தவர்களும் உண்டு. தனியாக விண்ணப்பித்துவிட்டு அட்டை கைக்கு வந்த பிறகு கல்யாணம் செய்தால் மனைவியை அழைத்துவர வருடக்கணக்கில் ஆகும் என்ற பயம்.

ஜூலை 2 அன்று எல்லாம் தயார். அன்றே புல்லட்டினைத் திருத்திவிட்டார்கள். குடியேற்றத் துறை ஜூன் மாதக் கடைசியில் மும்முரமாக வேலை செய்து ஏறக்குறைய 60,000 எண்களைப் பயன்படுத்திவிட்டது, இந்த ஆண்டுக்கு எண் இல்லை, விண்ணப்பம் ஏற்கப்படாது என்றது வெளியுறவுத் துறை. வேகமாக வேலை செய்யச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தோம். செய்தார்கள், அதனால் கதவு மூடியது. முதல் வரிசை வேகமானால் இரண்டாவது வரிசை முட்டிக்கொண்டு நிற்கும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டியது. யாரும் கல்லெடுக்கவில்லை. ஜூலை 10 அன்று, துறையின் தலைவராக இருந்த எமிலியோ கொன்சாலஸ் அலுவலகத்துக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகள் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலும் இந்தியத் தொழில்நுட்பக்காரர்கள் அனுப்பியவை. அவர் அந்தப் பூக்களை ராணுவ மருத்துவமனைகளில் காயமடைந்து படுத்திருந்த வீரர்களுக்கு அனுப்பச் சொன்னார். வழக்கும் பத்திரிகைச் செய்திகளும் சேர்ந்து அழுத்த, ஜூலை 17 அன்று முடிவு மாறியது: ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பிக்கலாம், அதுவும் பழைய கட்டணத்தில்.

பழைய கட்டணம் என்று குதித்தோமே, அதில் இருந்த சூட்சுமத்தைப் பிறகுதான் உணர்ந்தேன். பழைய விலையில் ஐ-485 325, கைரேகை 70, வேலை அனுமதி 180, பயண அனுமதி 170: தலைக்கு 745. புதிய விலையில் எல்லாம் அடங்கி 1,010. ஆளுக்கு 265 டாலர் மிச்சம். ஆனால் புதிய விலை கட்டியவருக்கு, கோப்பு நிலுவையில் இருக்கும் வரை வேலை அனுமதியும் பயண அனுமதியும் இலவசமாகப் புதுப்பிக்கப்படும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம், அதுவும் ஏறிய விலையில்: 340, 305. முதல் புதுப்பித்தலிலேயே ஆளுக்கு 645 போனது. எனக்கு 2011-இல் அட்டை வந்துவிட்டது. இபி-3 என்ற அடுத்த பிரிவில் நின்ற நண்பர்கள் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இந்தத் தண்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதே தந்திரத்தின் புதிய வடிவம் உங்களுக்கும் காத்திருக்கிறது. 2023 செப்டம்பரில், நிலுவையில் உள்ள ஐ-485 அடிப்படையிலான வேலை அனுமதி அட்டையை ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2025 டிசம்பரில் அதைப் பதினெட்டு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். கட்டண அட்டவணையில் ஓர் எண்ணும் மாறவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டிய 260 டாலரைப் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். துறைக்கும் அதே ஆளுக்காக மூன்று மடங்கு கோப்புகள். நிலுவையில் உள்ள கோப்புகள் 2025-இல் 1.1 கோடியைத் தாண்டியிருந்தன. அந்த நிலையில் இருக்கும் அலுவலகம் தன் வேலையைத் தானே பெருக்கிக்கொள்வது எனக்கு விளங்கவில்லை. பாதுகாப்புச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

இனி நீங்கள் உண்மையில் நிற்கும் இரண்டாவது வரிசை. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள் என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இபி-2 பங்கில் கணக்குப் போட்டால் இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,800 எண்கள். இதில் விண்ணப்பதாரரோடு மனைவியும் பிள்ளைகளும் அடக்கம். உங்கள் வீட்டுக்கு மட்டும் மூன்று எண் வேண்டும். மற்ற நாட்டவர் பயன்படுத்தாமல் விட்டது மிஞ்சினால் கூடுதலாகச் சொட்டும். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

புல்லட்டினில் 2015 அக்டோபர் முதல் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தை எப்போது போடலாம் என்று சொல்வது ஒன்று, அட்டை எப்போது கொடுக்கலாம் என்று சொல்வது இன்னொன்று. நீங்கள் விண்ணப்பித்த 2025 அக்டோபரில் இந்திய இபி-2-க்கு முதல் பட்டியல் 2013 டிசம்பர் 1, இரண்டாவது 2013 ஏப்ரல் 1. உங்கள் செப்டம்பர் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. ஆகவே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள், கைரேகை எடுத்திருப்பார்கள். இரண்டாவது பட்டியல் உங்கள் தேதியைத் தாண்டும் வரை அதிகாரி கோப்பைக் கரைத்துக் குடித்திருந்தாலும் அட்டை கொடுக்க முடியாது. “எங்கள் வகைக்குப் பரிசீலனைக் காலம் இத்தனை மாதம் என்று போட்டிருக்கிறதே” என்பீர்கள். அது அந்த வகையில் 80 சதவீதக் கோப்புகள் எத்தனை காலத்துக்குள் முடிந்தன என்ற கணக்கு. எண்ணுக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. அந்தப் பக்கத்தைத் தினமும் பார்ப்பதை விட்டுவிட்டு, மாத நடுவில் வரும் புல்லட்டினை மட்டும் பாருங்கள். தூக்கமாவது வரும்.

பணம் கட்டி வேகப்படுத்தும் பிரீமியம் சேவை பற்றி. 2001-இல் ஆயிரம் டாலருக்கு வந்தது இது. இப்போது 2,800-க்கு மேல். ஐ-129, ஐ-140 போன்ற சில படிவங்களுக்கு மட்டுமே உண்டு. ஐ-485-க்கும் குடியுரிமைக்கும் கிடையாது. பெரும்பாலான வகைகளுக்கு 15 வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுப்போம் என்பதுதான் அவர்கள் தரும் உத்தரவாதம். அந்த நடவடிக்கை, கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம். 15-ஆம் நாள் அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டால் உத்தரவாதம் நிறைவேறிவிட்டது என்று பொருள்.

உங்கள் ஐ-140 எப்போதோ முடிந்துவிட்டதால் இது உங்களுக்குப் பழங்கதை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 21 வயது நிரம்பிய பிள்ளை பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும். அதைக் கொஞ்சம் தணிக்க 2002-இல் ஒரு சட்டம் வந்தது: எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஐ-140 பத்து மாதம் கிடந்திருந்தால் பிள்ளைக்குப் பத்து மாத வயது குறையும். நீங்கள் அவசரப்பட்டு 2,800 டாலர் கொடுத்துப் பதினைந்து நாளில் முடித்திருந்தால் குறைவது பதினைந்து நாள்தான், வார விடுமுறையைச் சேர்த்தால் மூன்று வாரம். இந்தியாவில் பிறந்து இரண்டாவது வரிசையில் பத்து வருடம் நிற்கப்போகிறவர், முதல் வரிசையில் சில மாதம் மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறார்? எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவின் ஆறு ஆண்டு வரம்பு நெருங்குவது, வேலை மாற்றம் என்று நியாயமான அவசரங்கள் உண்டு. அது இல்லாமல், பிள்ளைக்கு ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வயது என்றால், பிரீமியம் கட்டும் முன் வழக்கறிஞரிடம் இந்தக் கழித்தல் கணக்கைக் கேளுங்கள். அவராக எடுத்துச் சொல்ல மாட்டார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 15 முதல் வயதை நிறுத்திவைப்பது அட்டை கொடுக்கும் பட்டியலை வைத்துத்தான், விண்ணப்பம் போடும் பட்டியலை வைத்து அல்ல என்று விதி இறுகியிருப்பதால் ஒவ்வொரு மாதமும் கணக்கில் வரும்.

காசு வீணாகி நாளும் வீணாகும் இடம் ஒன்று உண்டென்றால், அது திரும்பி வரும் உறை. கட்டணத்தில் ஒரு டாலர் குறைந்தாலும் கூடினாலும், படிவம் பழைய பதிப்பாக இருந்தாலும், கையெழுத்து விடுபட்டாலும் கோப்பை நிராகரிக்கக்கூட மாட்டார்கள். ரசீது போடாமல் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். 2018-இல் அம்மாவுக்காகப் போட்ட விண்ணப்பம் ஐந்து வாரம் கழித்து எங்கள் வாசலில் கிடந்தது. உள்ளே எங்கள் காசோலை கசங்காமல் இருந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் யாரோ கணினியில் சேமித்துவைத்திருந்த பழைய படிவத்தை எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு பதிப்புத் தேதி இருக்கும். எறும்பு ஊர்ந்ததுபோல இருக்கும் அந்த எழுத்தை அதுவரை நான் படித்ததே இல்லை. அன்றிலிருந்து யார் கோப்பைக் காட்டினாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. கட்டணத்துக்கு ஜி-1055 என்ற அட்டவணையை அனுப்பும் நாளன்று பாருங்கள், முந்தின வாரம் பார்த்தது போதாது. காகிதக் காசோலையை 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு ஏற்பதில்லை. காகிதத்தில் அனுப்பினால் கடன் அட்டைக்கு ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650 படிவம் வைக்க வேண்டும். அட்டை வரம்பு போதாமல் மறுக்கப்பட்டால் அதற்கும் உறை திரும்பும். மூன்று பேர் கட்டணத்தை ஒரே அட்டையில் போடும் முன் வங்கியில் சொல்லி வையுங்கள்.

உங்கள் தேதி இரண்டாவது பட்டியலில் வந்து, அதன் பிறகும் கோப்பு அசையாமல் கிடந்தால் அப்போது சத்தம் போட உங்களுக்கு உரிமை உண்டு. விசாரிக்கத் தகுதியான தேதி எது என்று துறையின் தளத்திலேயே கணக்கிடலாம். அதற்கு முன் கேட்டால் பதில் வராது. அடுத்தது உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம். 435 பேரில் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் இதற்கென்று ஊழியர் இருக்கிறார். நீங்கள் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, அந்தத் தொகுதியில் வசித்தால் போதும். உங்கள் கோப்பைப் பற்றி அவர் கேட்கலாம் என்று ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. நம்மவர்கள் கூச்சப்பட்டு இந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. கடைசியாக நீதிமன்றம். கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் 405 டாலர் கட்டி, காலம் தாழ்த்தாமல் முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்று மனுப் போடலாம்; வழக்கறிஞர் செலவு தனி. விண்ணப்பங்களை 180 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாடாளுமன்றம் எழுதிவைத்திருக்கிறது. அதைச் சட்டக் கட்டளையாக இல்லாமல் “எண்ணம்” என்று எழுதியதால் நீதிபதிகள் அதைப் படித்துவிட்டுத் தலையசைப்பதோடு சரி. மேலும் எண் இல்லாதவர் இந்த மனுவைப் போட்டு நீதிபதி முன் நின்றால் வழக்கு நிற்காது. இப்போது உங்களிடம் அதற்குப் பணம் கேட்கும் வழக்கறிஞரிடமிருந்து விலகிப் போங்கள்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பவை இரண்டு. வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது என்று எச்1பியை விட்டுவிடாதீர்கள். 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு, பழைய அட்டை தானாக 540 நாள் நீளும் சலுகை கிடையாது. புதிய அட்டை வருவதற்குள் பழையது காலாவதியானால் அன்றோடு வேலையை நிறுத்த வேண்டும். உங்கள் மனைவி எச்4-இல் (எச்1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருந்து இந்த அட்டையை வைத்து வேலை பார்க்கிறார் என்றால், காலாவதிக்கு 180 நாள் முன்பே புதுப்பிக்கப் போட்டுவிடுங்கள். அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறியுங்கள்.

இன்னொன்று ஊர்ப் பயணம். எச்1பி, எச்4 உயிரோடு இருந்து கடவுச்சீட்டில் முத்திரையும் இருந்தால் பயண அனுமதி இல்லாமலே போய்வரலாம். அது இல்லாதவர், பயண அனுமதி கைக்கு வருமுன் விமானம் ஏறினால் ஐ-485-ஐக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கட்டிய பணமும் திரும்பாது. அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தால் இதெல்லாம் நினைவுக்கு வராது. அப்படி ஓர் அழைப்பு என் நண்பர் ஒருவருக்கு வந்தது. டிக்கெட் போடும் முன் எனக்குப் பேசினார். மருத்துவமனைக் கடிதத்தை வாட்ஸாப்பில் வரவழைத்து, அச்செடுத்து, நிலுவையில் இருந்த ரசீதோடு உள்ளூர் அலுவலகத்தில் அவசரச் சந்திப்பு கேட்டு வாங்கி, அனுமதித் தாள் கைக்கு வந்த பிறகே கிளம்பினார். சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை நாள் தாமதம். ஊரில் அவருடைய தங்கை ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

உங்கள் மூன்று பயண அனுமதிகளும் வந்துவிட்டனவா என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. வந்திருந்தால் அவற்றின் காலாவதித் தேதியையும் அந்த நாட்காட்டியிலேயே எழுதிவையுங்கள்.